வேலூரில் கார் லைசென்ஸ் எடுக்க: எல்.எல்.ஆர். முதல் ரிவர்ஸ் டெஸ்ட் வரை

கார் ஓட்டக் கற்பவர்களில் பெரும்பாலோர் முன்னால் ஓட்டுவதில் சீக்கிரமே தேறிவிடுகிறார்கள். டெஸ்ட்டில் மாட்டிக்கொள்வது வண்டியைப் பின்னால் எடுக்கும்போதுதான். கம்பத்தில் உரசும், கோட்டைத் தாண்டும், பாதி வளைவில் வண்டி ஆஃப் ஆகும். திறமைக் குறைவு இதற்குக் காரணமில்லை. டிரைவிங் ஸ்கூல்களில் ரிவர்ஸ் என்பது கடைசி ஓரிரு நாளில் அவசரமாகக் காட்டப்படும் பாடமாக இருக்கிறது, அவ்வளவுதான். முதல் வாரத்திலிருந்தே தினமும் கொஞ்சம் பழகினால் அதில் பயப்பட ஒன்றுமில்லை.

காகித வேலை இன்னொரு பக்கம். வரிசை தெரிந்து செய்தால் சுலபம். வரிசை மாறினால் ஒரே அலுவலகத்துக்கு மறுபடி மறுபடி நடக்க வேண்டிவரும். இரண்டையும் கீழே படிப்படியாகத் தருகிறோம். காகிதத்தைச் சுருக்கமாகவும் ரிவர்ஸை விரிவாகவும் சொல்கிறோம்.

1. எந்த அலுவலகம், எத்தனை வகை வண்டி

வேலூர் வட்டார போக்குவரத்து அலுவலகத்தின் எண் டி.என். 23. ஆற்காடு, வாலாஜா, இராணிப்பேட்டைப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு டி.என். 73. 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகும், "நாங்கள் வேலூர்தானே" என்று பழைய பழக்கத்தில் மாற்றி விண்ணப்பிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆன்லைனில் பின்கோடு கொடுத்ததும் எந்த அலுவலகம் என்று திரையில் வரும். அதைப் பார்த்து உறுதி செய்துகொண்டு மேலே போங்கள்.

வேறு ஊரிலிருந்து வந்து இங்கே படிப்பவர்களும் வேலை பார்ப்பவர்களும் சொந்த ஊருக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. வசிக்கும் இடம், தொழில் செய்யும் இடம், வண்டி ஓட்டக் கற்கும் இடம் ஆகியவற்றை வைத்து விண்ணப்பிக்கச் சட்டம் இடம் தருகிறது. இந்த ஊரில் இருக்கிறீர்கள் என்பதைக் காட்டும் ஆவணம் மட்டும் கையில் இருக்க வேண்டும்.

அடுத்து வண்டி வகை. கியர் உள்ள பைக்கும் காரும் இரண்டுமே தேவை என்றால் இப்போதே சேர்த்துப் போட்டுவிடுங்கள். இன்றைக்குக் கார் மட்டும் எடுத்துவிட்டு அடுத்த வருடம் பைக் சேர்க்கப் போனால், புதிதாக எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்), கூடுதல் வகை சேர்க்கும் கட்டணம், மறுபடி டெஸ்ட் என்று எல்லாம் முதலிலிருந்து வரும். கார், கியர் பைக் இரண்டுக்கும் 18 வயது நிறைந்திருக்க வேண்டும்.

2. ஆவணங்கள்

ஆதார், வயதுச் சான்று (பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட் இவற்றில் ஒன்று), முகவரிச் சான்று, பாஸ்போர்ட் அளவு புகைப்படம், ரத்த வகை. இவை போதும். படிவம் 1 என்பது உடல்தகுதி பற்றி நீங்களே தரும் உறுதிமொழி. 40 வயதைத் தாண்டியவர்களும் வாடகை வாகன லைசென்ஸ் கேட்பவர்களும் படிவம் 1-ஏ-வில் மருத்துவரிடம் சான்று வாங்க வேண்டும்.

படிவம் 1-ல் ஒரு கேள்வி வரும்: நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்தில் நிற்கும் காரின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடியுமா? பலரும் யோசிக்காமல் 'ஆம்' போட்டுவிடுகிறார்கள். தெருவில் நின்று ஒருமுறை படித்துப் பாருங்கள். எழுத்து மங்கலாகத் தெரிந்தால் முதலில் கண்ணாடி போடுங்கள், பிறகு விண்ணப்பியுங்கள்.

காகிதத்தில் மாட்டும் இடங்கள் மூன்று. முதலாவது பெயர். ஆதாரில் இனிஷியல் பின்னாலும் மதிப்பெண் சான்றிதழில் முன்னாலும் இருக்கும், அல்லது அப்பா பெயர் ஒன்றில் முழுதாகவும் மற்றொன்றில் எழுத்தாகவும் இருக்கும். ஆதாரைத் திருத்திவிட்டு விண்ணப்பிப்பது நல்லது. லைசென்ஸில் ஏறிய தவறைத் திருத்துவது அதைவிட அலைச்சல். இரண்டாவது மொபைல் எண். ஆதாரோடு இணைந்த எண் பழையதாக இருந்தால் ஓ.டி.பி. வராது, வேலை அங்கேயே நின்றுவிடும். மூன்றாவது முகவரி. தமிழ்நாட்டில் 2024 பிப்ரவரி 28 முதல் லைசென்ஸ் விரைவுத் தபாலில்தான் வருகிறது. கதவு எண்ணும் தெருவும் சரியாக இல்லாவிட்டால் கார்டு அலுவலகத்துக்கே திரும்பிப் போய்விடும்.

3. எல்.எல்.ஆர். எடுப்பது

மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் லைசென்ஸுக்கான சாரதி பகுதிக்குப் போய்த் தமிழ்நாட்டைத் தேர்ந்தெடுத்தால் புதிய எல்.எல்.ஆர். விண்ணப்பம் இருக்கும். கம்ப்யூட்டர் பழக்கம் இல்லாதவர்கள் இ-சேவை மையத்தில் செய்துகொள்ளலாம். சேவைக் கட்டணத்துக்கு ரசீது கேட்டு வாங்குங்கள். இதற்கு இடைத்தரகர் யாரும் தேவையில்லை.

சாலைக் குறியீடுகள், விதிகள் பற்றிய கணினித் தேர்வில் 60 சதவீதம் சரியாகச் சொன்னால் தேர்ச்சி. தமிழிலேயே எழுதலாம். குறியீடுகளின் படங்களை இரண்டு மாலை உட்கார்ந்து பார்த்தாலே போதும். 'நிறுத்தக் கூடாது' என்ற பலகைக்கும் 'நிறுத்தி வைக்கக் கூடாது' என்ற பலகைக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். முன்னதில் வட்டத்துக்குள் பெருக்கல் குறிபோல இரண்டு கோடு, பின்னதில் ஒரே கோடு.

எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். கையில் வந்து 30 நாள் கழித்துத்தான் லைசென்ஸ் டெஸ்ட்டுக்குப் போக முடியும். ஆக, உங்களிடம் இருப்பது ஐந்து மாத இடைவெளி. பரீட்சை முடிந்த கோடை மாதங்களில் ஸ்லாட் (டெஸ்ட்டுக்கான முன்பதிவு நேரம்) கிடைப்பது இறுக்கமாக இருக்கும் என்பதால் ஆறாவது மாதம் வரை தள்ளிப்போடாதீர்கள். நாற்பதாவது நாள் வாக்கில் ஸ்லாட் எடுத்தால், ஒருமுறை தவறினாலும் மறுபடி எழுத நேரம் கிடைக்கும்.

எல்.எல்.ஆர். இருக்கிறது என்று தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பக் கூடாது. லைசென்ஸ் உள்ளவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். தேவைப்பட்டால் வண்டியை நிறுத்த அவருக்குக் கை எட்ட வேண்டும். முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு 'எல்' போர்டு வேண்டும். அளவு 18 சென்டிமீட்டர் சதுரம், எழுத்து குறைந்தது 10 சென்டிமீட்டர் உயரம். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் அபராதம் 5,000 ரூபாய்.

4. செலவுக் கணக்கு

மத்திய விதிப்படி எல்.எல்.ஆர். கட்டணம் ஒரு வண்டி வகைக்கு 150 ரூபாய், கணினித் தேர்வுக்கு 50 ரூபாய். லைசென்ஸ் டெஸ்ட் ஒரு வகைக்கு 300, லைசென்ஸ் வழங்க 200. ஆக, கார் மட்டும் என்றால் 700 ரூபாய். கியர் பைக்கும் சேர்த்தால் 1,150 ரூபாய். இதற்கு மேல் மாநில அரசின் சேவைக் கட்டணம் திரையில் தனியாக வரும். பணம் கட்டியதும் ரசீதைச் சேமித்து வையுங்கள். பணம் பிடிக்கப்பட்டும் ரசீது வராவிட்டால் உடனே மறுபடி கட்டாதீர்கள். சாரதி பகுதியிலேயே கட்டண நிலையைச் சரிபார்க்க வழி இருக்கிறது, முதலில் அதைப் பாருங்கள்.

இதைவிடப் பல மடங்கு கேட்பவர்கள் இருந்தால், அந்தக் கூடுதல் பணம் எதற்கு என்று கேளுங்கள். பயிற்சிக்கா, டெஸ்ட் நாளில் கார் வாடகைக்கா, அல்லது வேறு எதற்கோவா?

5. டிரைவிங் ஸ்கூலில் பணம் கட்டும் முன்

"எத்தனை நாள் பயிற்சி" என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம் ஸ்டியரிங் என் கையில் இருக்கும்? காரில் எத்தனை பேரை ஏற்றுவீர்கள்? ரிவர்ஸுக்கு எத்தனை வகுப்பு? 'எச்' (கம்பங்களுக்கு நடுவே எச் எழுத்து வடிவில் ஓட்டிக் காட்டும் டெஸ்ட்) பழகக் கம்பம் நட்ட இடம் இருக்கிறதா? டெஸ்ட்டுக்கு இதே கார் வருமா, அதற்குத் தனி வாடகையா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் வாங்குங்கள். நான்கு பேரை ஏற்றிக்கொண்டு ஒரு மணி நேரம் சுற்றினால் உங்கள் பங்கு கால் மணி நேரம்தான். அதுவும் நெரிசலில் முதல் கியர், இரண்டாம் கியர் என்று போய்விடும்.

பயிற்சிக் காரில் மாஸ்டர் பக்கமும் கிளட்ச், பிரேக் இருக்கும். ரிவர்ஸ் எடுக்கும்போது அவர் கிளட்ச்சை மிதித்து உதவினால் நீங்கள் கற்றதாக நினைத்துக்கொள்வீர்கள், டெஸ்ட்டில் அது தெரிந்துவிடும். "மாஸ்டர், இந்த ஒரு தடவை நீங்க காலை எடுத்துடுங்க, நானே பார்த்துக்கிறேன்" என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

பழகும் இடத்தையும் நீங்களே யோசியுங்கள். சி.எம்.சி. முன்பக்கம், புது பஸ் ஸ்டாண்டு, கிரீன் சர்க்கிள், லாங்கு பஜார் இவையெல்லாம் ரிவர்ஸ் பழகும் இடமே இல்லை. காலை ஆறு மணிக்குச் சத்துவாச்சாரி குடியிருப்புப் பகுதியின் அகலமான தெருக்கள், அனுமதி பெற்ற காலி மைதானங்கள் ஆகியவை பொருந்தும். பாலாற்றில் நிறைய இடம் கிடக்கிறதே என்று மணலில் இறக்கிவிடாதீர்கள். ரிவர்ஸில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் சக்கரம் சுழன்று குழி பறித்துக்கொள்ளும், பிறகு தள்ள நான்கு ஆள் தேட வேண்டும்.

6. ரிவர்ஸ்: கியர் போடுவதற்கு முன்

வண்டியை ஒருமுறை சுற்றி நடந்து பாருங்கள். சீட்டில் உட்கார்ந்தால் பின் கண்ணாடி வழியே தரையோடு தரையாக இருப்பது எதுவும் தெரியாது. குழந்தை, தூங்கும் நாய், வீட்டு முன்னால் போட்டிருக்கும் கருங்கல், மூடியில்லாத கால்வாய் எல்லாம் அந்த மறைவில்தான் இருக்கும். 2019 ஜூலை முதல் புதிய கார்களில் ரிவர்ஸ் சென்சார் கட்டாயம் என்பது உண்மை. ஆனால் மெல்லிய கம்பி, தாழ்ந்த கல், பள்ளம் இவற்றுக்கு அது கத்தும் என்று நம்பக் கூடாது.

சீட்டை வழக்கத்தைவிட ஒரு படி முன்னால் இழுத்துக்கொள்ளுங்கள். கிளட்ச்சை முழுதாக மிதித்தபோதும் முழங்கால் லேசாக மடிந்திருக்க வேண்டும். பக்கவாட்டுக் கண்ணாடிகளில் உங்கள் காரின் உடல் ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் தெரியட்டும். பழகும் காலத்தில் இரண்டு கண்ணாடிகளையும் சற்றுக் கீழே சாய்த்து, பின் சக்கரம் தரையைத் தொடும் இடம் தெரியும்படி வையுங்கள். 'எச்' பழகுவதில் பாதி வேலை இந்த ஓர் ஏற்பாட்டில் முடிந்துவிடுகிறது. சாலைக்குத் திரும்பும்போது மறக்காமல் மேலே தூக்கிவிடுங்கள். இடப்பக்கக் கண்ணாடி பெரும்பாலும் குவிந்தது. அதில் பொருள்கள் இருப்பதைவிடத் தள்ளித் தெரியும்.

கியர் போடுவது. வண்டி முழுக்க நின்ற பிறகுதான் ரிவர்ஸ் கியர். பல கார்களில் முன்னோக்கிய கியர்களுக்கு இருக்கும் சிங்க்ரோமெஷ் (கியர் பற்களின் வேகத்தைச் சமமாக்கிச் சேர்க்கும் அமைப்பு) ரிவர்ஸுக்குக் கிடையாது. லேசாக உருண்டுகொண்டிருந்தாலும் 'கர்ர்' என்று பல் அரைக்கும். கிளட்ச்சை அடிவரை மிதித்து, இரண்டு நொடி பொறுத்துப் போடுங்கள். விழவில்லையா? பலம் கொடுக்காதீர்கள். நியூட்ரலுக்கு வந்து, கிளட்ச்சை விட்டு, மறுபடி மிதித்துப் போட்டால் விழுந்துவிடும். சில கார்களில் ரிவர்ஸ் ஐந்தாம் கியருக்கு நேர் கீழே இருக்கும். சிலவற்றில் லிவரின் வளையத்தைத் தூக்கி, முதல் கியருக்கும் இடப்பக்கம் கொண்டுபோக வேண்டும். எந்தக் காரில் டெஸ்ட் கொடுக்கப்போகிறீர்களோ அந்தக் காரில் என்ஜினை அணைத்துவிட்டு இருபது தடவை போட்டுப் பழகுங்கள்.

7. நேர் ரிவர்ஸ்

இடக்கையைப் பக்கத்து சீட்டின் முதுகில் வைத்து, உடம்பைத் திருப்பிப் பின் கண்ணாடி வழியே பாருங்கள். வலக்கை ஸ்டியரிங்கின் உச்சியில் இருக்கட்டும். வேகத்தைக் கிளட்ச் பார்த்துக்கொள்ளும். பிடிக்கும் இடம் வரை மெதுவாக விட்டு, வண்டி நகர ஆரம்பித்ததும் காலை அங்கேயே நிறுத்துங்கள். டீசல் கார் சமதளத்தில் ஆக்ஸிலரேட்டர் இல்லாமலே ஊர்ந்து போகும். சிறிய பெட்ரோல் காருக்கு ஒரு தொடுதல் வேண்டியிருக்கலாம். நடந்து போகும் ஆளை முந்தக் கூடாது, அதுதான் அளவு.

ரிவர்ஸில் ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தால் வண்டியின் பின்பகுதி இடப்பக்கம் போகும், வலப்பக்கம் ஒடித்தால் வலப்பக்கம். இதில் குழப்பம் எதுவும் இல்லை. குழப்பம் வருவது வண்டியின் மூக்கைப் பார்ப்பதால். முன் சக்கரம்தான் திரும்புகிறது என்பதால், பின்பகுதி இடப்பக்கம் நுழையும்போது முன்பகுதி வலப்பக்கம் வெளியே வீசும். கண் முன்னாலேயே இருந்தால் வண்டி தப்பாகப் போவதாகத் தோன்றி எதிர்ப்பக்கம் ஒடித்துவிடுவீர்கள். பிறகு பாம்பு ஊர்ந்த தடம்தான்.

நேர் ரிவர்ஸ் கோணுவதற்கு இன்னொரு காரணம் திருத்தத்தின் அளவு. வண்டி விலகுகிறது என்று தெரிந்ததும் புதியவர்கள் அரைச் சுற்று ஒடித்துவிடுகிறார்கள். நான்கு விரல் அகலம் நகர்த்தினால் போதும். நகர்த்தி, ஒரு மீட்டர் போகவிட்டு, மறுபடி நேராக்குங்கள். இருபது மீட்டர் தூரம் ஒரே கோட்டில், பத்துத் தடவை தொடர்ந்து வந்தால் அடுத்த பாடத்துக்குப் போகலாம். அதற்கு முன் வளைவுக்குப் போவது வீண்.

கிளட்ச் கருகும் வாசனை வந்தால் ஆக்ஸிலரேட்டரை அதிகமாகக் கொடுக்கிறீர்கள் என்று பொருள். வண்டியை நிறுத்தி ஆறவிடுங்கள். வேலூர் வெயிலில் மே மாதம் மதிய நேரப் பயிற்சியையே தவிர்ப்பது வண்டிக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

8. வளைவு ரிவர்ஸ்

கம்பம் தேவை. காலிப் பெயின்ட் வாளியில் மணலை நிரப்பி, ஒன்றரை மீட்டர் குச்சியை நட்டு, உச்சியில் சிவப்பு ரிப்பன் கட்டுங்கள். வெறும் செங்கல்லோ தண்ணீர் பாட்டிலோ வைத்தால் சீட்டிலிருந்து தெரியாது. வண்டி பின்னால் வரும் நேர்வழியும் அது திரும்பி நுழையும் குறுக்குவழியும் நான்கு மீட்டர் அகலம் இருக்கட்டும். சிறிய காருக்கு அது தாராளம். பழகிய பிறகு மூன்றரை மீட்டருக்குக் கொண்டுவாருங்கள். அதற்குக் கீழே இறங்கினால் ஒரே மூச்சில் திரும்பவே முடியாத வடிவியல் வந்துவிடும், வீணாக மனம் உடைந்து போவீர்கள்.

திரும்பப் போகும் பக்கத்து மூலைக் கம்பத்துக்கும் காருக்கும் இடையே முக்கால் மீட்டர் விடுங்கள். காரின் பின் பம்பர் அந்தக் கம்பத்துக்கு அரை மீட்டர் தூரத்தில் வரும்போது திருப்ப ஆரம்பியுங்கள். பெரும்பாலான சிறிய கார்களில் நடுவிலிருந்து ஒரு பக்கம் முழுக்க ஒடிக்க ஏறத்தாழ ஒன்றரைச் சுற்று. வண்டி ஊர்ந்துகொண்டிருக்கும்போதே கைகளை மாற்றி மாற்றிச் சுற்றிவிடுங்கள். பிறகு கண் இரண்டே இடத்தில்: திரும்பும் பக்கத்துக் கண்ணாடியில் பின் சக்கரத்துக்கும் கம்பத்துக்கும் உள்ள இடைவெளி, எதிர்ப்பக்கம் முன் மூலை. முழுக்க ஒடித்த நிலையில் முன் மூலை ஒரு மீட்டர் வரை வெளியே வீசும். கம்பம் விழுவது பெரும்பாலும் இந்த முன் மூலையால்தான், பின்பக்கத்தால் அல்ல.

இங்கே செய்யும் தவறுகளுக்கு அடையாளம் உண்டு. உள்பக்கக் கம்பத்தில் பின் கதவு உரசினால் சீக்கிரம் ஒடித்துவிட்டீர்கள், அல்லது கம்பத்தை ஒட்டி வந்துவிட்டீர்கள். குறுக்குவழியின் தூரத்துக் கோட்டில் பின் சக்கரம் ஏறினால் தாமதமாக ஒடித்தீர்கள். உள்ளே நுழைந்த பிறகும் வண்டி வளைந்துகொண்டே போனால் நேராக்குவதில் தாமதம். கண்ணாடியில் கோடும் காரின் உடலும் இணையாகத் தெரிவதற்குச் சற்று முன்பே நேராக்க ஆரம்பிக்க வேண்டும், ஏனென்றால் ஒன்றரைச் சுற்றைத் திருப்பி எடுக்கவும் நேரம் ஆகிறது.

டிரைவர் வலப்பக்கம் உட்காருவதால் வலப்பக்க வளைவு சீக்கிரம் வந்துவிடும். இடப்பக்கம் கடினம். இரண்டு மடங்கு நேரத்தை இடப்பக்கத்துக்கு ஒதுக்குங்கள்.

வெளியே ஓர் ஆளை நிறுத்தி "வரலாம், வரலாம், லெஃப்ட் ஒடி, நேராக்கு, ஹோல்டு" என்று சொல்லவைப்பது நம் ஊர் வழக்கம். முதல் இரண்டு நாளுக்கு அது சரி. அதற்கு மேல் அவரை வாய் திறக்காமல் நிற்கச் சொல்லுங்கள், இடிக்கப்போனால் மட்டும் தட்டட்டும். டெஸ்ட்டில் அந்தக் குரல் இருக்காது. ரிவர்ஸ் கேமரா உள்ள கார் என்றால் திரையைத் துணியால் மூடிப் பழகுங்கள். கேமராவில் முன் மூலை தெரியாது.

9. 'எச்' போடுவது

நேர் ரிவர்ஸும் இரண்டு பக்க வளைவும் வந்துவிட்டால் 'எச்' என்பது புதிய பாடமே இல்லை. இரண்டு நீள வழி, நடுவில் ஒரு குறுக்குவழி. ஒரு காலில் முன்னே போய், பின்னே வந்து, குறுக்கு வழியாக அடுத்த காலுக்கு மாறி, அங்கும் அதையே செய்வது. எந்த வரிசையில் என்று டெஸ்ட் எடுக்கும் பிரேக் இன்ஸ்பெக்டர் சொல்வார். புரியாவிட்டால் வண்டியை எடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள், கேட்பதில் குற்றமில்லை.

ஒவ்வொரு திசை மாற்றத்திலும் வண்டியை முழுக்க நிறுத்தி, ஸ்டியரிங் நேராக இருக்கிறதா என்று பார்த்து, பிறகு கியர் மாற்றுங்கள். ஸ்டியரிங் நேராக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஒரு சுற்று மிச்சம் வைத்துக் கிளம்புவதுதான் 'எச்'சில் அதிகம் நடக்கும் கோளாறு. ஸ்டியரிங்கின் நடுவில் உள்ள கம்பெனிச் சின்னத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஒரு முழுச் சுற்று ஒடிந்திருந்தாலும் சின்னம் நேராகத்தான் தெரியும். கதவு வழியே தலையை நீட்டி முன் சக்கரத்தைப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

'எச்' இல்லாமல் சாலையிலேயே டெஸ்ட் எடுப்பதும் உண்டு. குறுகலான ஒரு திறப்புக்குள் பின்னோக்கி நுழைவது, முன் கியரும் ரிவர்ஸும் போட்டு வண்டியை எதிர்த்திசைக்குத் திருப்புவது இரண்டும் விதிப்படி டெஸ்ட்டில் கேட்கக்கூடியவை. அதனால் கம்பத்தை மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள்.

10. மேட்டில் பின்னால் உருளாமல் நிறுத்துவது

விரும்பிப் பின்னால் போவது ரிவர்ஸ். விரும்பாமல் போவது மேட்டில் உருள்வது. இதையும் டெஸ்ட்டில் பார்ப்பார்கள். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, முதல் கியர் போட்டு, கிளட்ச்சை மெதுவாக விடுங்கள். என்ஜின் சத்தம் கனத்து, வண்டியின் மூக்கு லேசாகத் தூக்கினால் கிளட்ச் பிடித்துவிட்டது. கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் கொடுத்து ஹேண்ட் பிரேக்கை விட்டால் வண்டி ஓர் அங்குலம்கூடப் பின்னால் போகாமல் கிளம்பும். காட்பாடி ரயில்வே மேம்பாலத்தில் நெரிசலில் நின்று கிளம்ப வேண்டிய நாள் எப்படியும் வரும். பின்னால் ஒட்டிக்கொண்டு ஒரு ஷேர் ஆட்டோ நிற்கும். அதற்கு முன்பே ஆள் நடமாட்டமில்லாத சரிவில் பழகிவிடுங்கள்.

சரிவில் மேல்நோக்கி ரிவர்ஸ் எடுக்க வேண்டிய வீடுகள் சைதாப்பேட்டை போன்ற மலையடித் தெருக்களில் உண்டு. அங்கேயும் இதே ஹேண்ட் பிரேக் முறைதான், ஆக்ஸிலரேட்டர் சற்றுக் கூடுதலாக வேண்டும். கீழ்நோக்கி ரிவர்ஸ் வரும்போது ஆக்ஸிலரேட்டரைத் தொடவே வேண்டாம், பிரேக் மட்டும் போதும்.

11. டெஸ்ட் நாள்

எடுத்துப் போக வேண்டியவை: ஸ்லாட் அச்சு, எல்.எல்.ஆர்., ஆதார் மற்றும் வயதுச் சான்றின் அசல், பணம் கட்டிய ரசீது, டிரைவிங் ஸ்கூலில் கற்றிருந்தால் அதன் சான்று. ஓட்டப்போகும் காரின் ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் மூன்றும் நடப்பில் இருக்க வேண்டும். சொந்தக்காரர் வண்டியை இரவல் வாங்கிப் போகிறவர்கள் புகைச் சான்றிதழின் தேதியை முந்தைய நாளே பார்த்துவிடுங்கள். பலருடைய டெஸ்ட் அந்தச் சின்னக் காகிதத்தால் நின்றுபோகிறது. ரிவர்ஸ் லைட், பிரேக் லைட், இண்டிகேட்டர் எரிகிறதா என்றும் பாருங்கள். பைக் டெஸ்ட்டும் இருந்தால் ஹெல்மெட்.

ஸ்லாட் நேரத்துக்கு முக்கால் மணி முன்னதாகப் போய்விடுங்கள். உங்களுக்கு முன்னால் போகிறவர்கள் எந்த வரிசையில் ஓட்டுகிறார்கள் என்று பார்த்துக்கொள்ளலாம். வண்டியில் ஏறியதும் சீட், கண்ணாடி, சீட் பெல்ட், நியூட்ரல், ஹேண்ட் பிரேக். ரிவர்ஸ் போடுவதற்கு முன் தலையைத் திருப்பி இரண்டு பக்கமும் பாருங்கள். கண்ணை மட்டும் ஓட்டினால் நீங்கள் பார்த்தது பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது.

நடுவில் வண்டி ஆஃப் ஆனால் பதறாதீர்கள். பிரேக், கிளட்ச், ஸ்டார்ட், தொடருங்கள். கோணிப்போனது தெரிந்தால் நிறுத்திவிட்டு, "சார், ஒரு தடவை முன்னே எடுத்து நேராக்கிக்கட்டுமா" என்று கேளுங்கள். அனுமதிப்பதும் மறுப்பதும் அவர் முடிவு. ஆனால் கம்பத்தை இடிக்கும் வரை போவதைவிட இது எவ்வளவோ மேல்.

12. தவறிவிட்டால்

ஏழு நாள் கழித்து மறுபடி போகலாம். டெஸ்ட் கட்டணம் வகைக்கு 300 ரூபாய் மீண்டும் கட்ட வேண்டும். மூன்று முறை தவறினால், கடைசி டெஸ்ட்டிலிருந்து 60 நாள் காத்திருக்க வேண்டும். அந்த 60 நாளில் எல்.எல்.ஆர். காலாவதி ஆகுமா என்று கணக்குப் பாருங்கள். ஆகும் என்றால் புதிய எல்.எல்.ஆர். எடுக்க வேண்டியிருக்கும். அதனால் மூன்றாவது முறைக்கு அவசரப்பட்டுப் போகாதீர்கள். எந்த இடத்தில் தவறியது என்று அதிகாரியிடமே பணிவாகக் கேட்டு, எட்டாம் படியில் சொன்ன அடையாளங்களோடு ஒப்பிட்டு, அந்த ஒன்றை மட்டும் ஒரு வாரம் பழகிவிட்டுப் போங்கள்.

13. தேர்ச்சிக்குப் பிறகு

கார்டு தபாலில் வரும். வந்ததும் பெயர், பிறந்த தேதி, ரத்த வகை, வண்டி வகை நான்கையும் சரிபாருங்கள். டிஜிலாக்கரிலோ எம்-பரிவாகன் செயலியிலோ இறக்கி வைத்துக்கொண்டால் போலீஸ் சோதனையில் அதைக் காட்டினாலே செல்லும்.

தெருவில் ரிவர்ஸ் எடுக்கும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே இப்படி வையுங்கள்: வீட்டுக்கு வந்ததும் ரிவர்ஸில் உள்ளே விடுங்கள், கிளம்பும்போது மூக்கு சாலையைப் பார்த்திருக்கட்டும். வீட்டுக்குள்ளிருந்து சாலைக்குப் பின்னால் வருவதில்தான் ஆபத்து அதிகம், இரண்டு பக்கமும் மதில் மறைத்திருக்கும். மெயின் ரோட்டில் திருப்பத்தைத் தவறவிட்டால் ரிவர்ஸில் வராதீர்கள், அடுத்த திருப்பத்தில் சுற்றி வாருங்கள். ஒருவழிச் சாலையில் பின்னால் வருவது விதிமீறல். நெடுஞ்சாலையில் அது உயிரோடு விளையாடுவது.

30 வயதுக்குள் எடுத்த லைசென்ஸ் 40 வயது வரை செல்லும். 30 முதல் 50 வயதுக்குள் எடுத்தால் பத்து ஆண்டு. 50 முதல் 55-க்குள் என்றால் 60 வயது வரை. அதற்கு மேற்பட்டவர்களுக்கு ஐந்து ஆண்டு. காலாவதி தேதிக்கு ஓராண்டு முன்பிருந்தே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். தேதி தாண்டி ஓராண்டுக்கு மேல் விட்டுவிட்டால் மறுபடி டெஸ்ட் எழுத வேண்டிவரும், 'எச்' உட்பட.